கம்பார் மேட்டில் நான்கு நாள்

ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி நம் தோட்டங்களில் இன்றும் பேச்சு எழுவதுண்டு. அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் ஏறக்குறைய எல்லாரும் மறைந்துவிட்டார்கள். ஆனால் அவர்கள் சொன்ன கதைகள் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் தங்கியிருக்கின்றன. அந்தக் கதைகளில் தவறாமல் வரும் ஒன்று உண்டு: ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தான், வெள்ளைக்காரன் காரில் ஓடினான் என்பதே அது. சைக்கிளில் வந்தது உண்மை. ஓடியதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை அதுவல்ல. அந்த ஓட்டத்தின் நடுவே, நம் பேராக் மாநிலத்திலேயே, ஓரிடத்தில் நான்கு நாள் நின்று போரிட்டார்கள். நின்றவர்களில் வெள்ளைக்காரர்களும் இருந்தார்கள், பஞ்சாபிலிருந்து வந்த இந்தியர்களும் இருந்தார்கள், கூர்க்காக்களும் இருந்தார்கள். அந்த இடம் கம்பார். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து ஈப்போ, கோப்பெங் வழியாகப் போனால் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்தான்.

அவர்கள் எப்படி நின்றார்கள், நின்ற பிறகும் ஏன் அந்த இடத்தை விட வேண்டியதாயிற்று என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் ஜப்பானியர் பேராக் வரை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் அவர்கள் கோத்தா பாருவில் கரையிறங்கினார்கள். சயாம் நாட்டுக் கரையிலும் இறங்கி, அங்கிருந்து கெடாவுக்குள் நுழைந்தார்கள். டிசம்பர் 10-ஆம் நாள் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு பெரும் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் கடலில் மூழ்கடித்தன. அடுத்த இரண்டு நாளில் கெடாவின் ஜித்ராவில் நடந்த சண்டையில் 11-ஆம் இந்தியப் படைப்பிரிவு சிதறிப்போயிற்று. பிறகு குருண். பிறகு பினாங்கு.

பினாங்கை விட்டுப் போகும்போது ஐரோப்பியக் குடும்பங்களை மட்டும் கப்பலேற்றி அனுப்பினார்கள். சீனரையும் இந்தியரையும் மலாய்க்காரரையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளைக்காரன் ஓடினான் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த மனக்காயம் நியாயமானது. தோட்டத்துத் துரைமார் போன பிறகு, அரிசிக்கு என்ன செய்வது, நாளைக்குப் பிரட்டு உண்டா இல்லையா என்று தெரியாமல் லயங்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு வேறு எப்படித் தோன்றியிருக்கும்? பினாங்கில் இன்னொரு பெரிய தவறும் நடந்தது. துறைமுகத்தில் நின்ற மோட்டார் படகுகளையும் தோணிகளையும் அழிக்காமல் விட்டுப் போனார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பார்க் கதையின் முடிவில் அந்தப் படகுகள் திரும்பி வரும்.

டிசம்பர் 20-ஆம் நாள் ஈப்போவில் ஒரு விசித்திரமான காரியம் நடந்தது. லெஸ்டர்ஷையர் என்ற ஆங்கிலேயப் பட்டாளமும் கிழக்கு சரே என்ற மற்றோர் ஆங்கிலேயப் பட்டாளமும் ஜித்ராவிலும் குருணிலும் அடிபட்டுக் குறைந்துபோயிருந்தன. இரண்டின் மிச்சத்தையும் சேர்த்து ஒன்றாக்கி, பிரிட்டிஷ் பட்டாலியன் என்று பெயர் வைத்தார்கள். மோரிசன் என்ற லெஃப்டினன்ட் கர்னல் அதற்குத் தலைவர். அதைப் போலவே 2/9 ஜாட் பட்டாலியனையும் 1/8 பஞ்சாப் பட்டாலியனையும் இணைத்தார்கள். தனித்தனியாக நிற்க முடியாதவற்றை ஒன்றாகச் சேர்த்து நிறுத்தினார்கள் என்று சொன்னால் போதும்.

பட்டாலியன் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். முழு அளவில் இருந்தால் எழுநூறு எண்ணூறு பேர் அடங்கியது ஒரு பட்டாலியன். அதில் நூறு பேருக்குச் சற்று மேலாக ஒவ்வொரு கம்பெனி. கம்பெனிக்குள் முப்பது பேர் கொண்ட பிளட்டூன்கள். அதற்குள் பத்துப் பேர் கொண்ட குழுக்கள். ஒரு தோட்டத்தில் டிவிஷன் டிவிஷனாகப் பிரித்து, ஒவ்வொரு டிவிஷனுக்கும் கங்காணிகளை வைத்து வேலை வாங்கியதைப் போன்ற ஏற்பாடுதான். சண்டை முற்றும்போது தளபதி தொலைவில் இருப்பார். பத்துப் பேரில் ஒருவனாக நிற்பவனுக்குத் தெரிந்ததெல்லாம் தனக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் குழியில் இருக்கும் ஆள்தான்.

இந்தியப் பட்டாலியன்களுக்கு மற்றொரு குறையும் இருந்தது. போர் தொடங்கியதும் இந்தியப் படையை மிக வேகமாகப் பெருக்கினார்கள். புதிய பட்டாலியன்களை உருவாக்கப் பழைய பட்டாலியன்களிலிருந்து அனுபவம் உள்ள சுபேதார்களையும் ஹவில்தார்களையும் எடுத்துப் போனார்கள். அந்த இடத்தில் வந்தவர்கள் இளவட்டங்கள். அவர்களில் பலர் மலாயாவுக்கு வரும் முன் ஒரு டாங்கியைக்கூடப் பார்த்ததில்லை. பிரிட்டிஷ் தரப்பில் மலாயாவில் டாங்கியே கிடையாது. ஜப்பானியரிடம் இருநூறுக்கு மேல் இருந்தன.

சரி, ஏன் கம்பாரைத் தேர்ந்தெடுத்தார்கள்? வரைபடம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இல்லையென்றால் பஸ்ஸில் போனதை நினைத்துப் பாருங்கள். கோப்பெங்கைத் தாண்டித் தெற்கே போகும்போது இடப்பக்கம் ஒரு பெரிய மலை எழுந்து நிற்கும். அதுதான் குனோங் புஜாங் மலாக்கா. நாலாயிரம் அடிக்கு மேல் உயரம், முழுவதும் காடு. கோல டிப்பாங்கில் சாலை இரண்டாகப் பிரிகிறது. பெரிய சாலை மலைக்கு மேற்கே கம்பார் பட்டணத்துக்குள் போகிறது. இன்னொன்று மலைக்குக் கிழக்கே சஹோம், செண்டிரியாங் என்று சுற்றிக்கொண்டு போய்த் தெமோவில் மறுபடியும் பெரிய சாலையில் சேருகிறது. ஆக, இரண்டு வாசலையும் அடைத்துவிட்டால் நடுவில் மலை காவல் இருக்கும்.

இன்னொரு வசதியும் உண்டு. மலைக்கு மேற்கே கிந்தாச் சமவெளி. அந்தக் காலத்தில் அது முழுக்க ஈயலம்பங்கள். மரமில்லாத வெண்மணல், குட்டைகள், திறந்த வெளி. மலாயாவில் அதுவரை நடந்த சண்டைகளிலெல்லாம் ரப்பர்த் தோட்டமும் காடும் எதிரியை மறைத்தன. ரப்பர் நிரைகளுக்கு நடுவே நூறு கெஜத்துக்கு அப்பால் யார் வருகிறார் என்று சொல்ல முடியாது. இதைப் பால் வெட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பீரங்கி வைத்திருப்பவனுக்கு எதிரி கண்ணில் பட வேண்டும். கம்பார் மேட்டில் ஏறி நின்றால் வடக்கிலும் மேற்கிலும் பல மைல் தூரம் கண்ணில் படும். 88-ஆம் பீரங்கிப் படையும் 155-ஆம் பீரங்கிப் படையும் அங்கே தங்கள் பீரங்கிகளை வைத்தன.

மலையின் அடிவாரத்திலிருந்து சாலையை நோக்கி மூன்று மேடுகள் விரல்களைப் போல நீண்டிருந்தன. படைவீரர்கள் அவற்றுக்குத் தங்கள் மொழியில் பெயர் வைத்தார்கள்: தாம்சன் ரிட்ஜ், கிரீன் ரிட்ஜ், செமெட்ரி ரிட்ஜ். கடைசிப் பெயருக்குக் கல்லறை மேடு என்று பொருள். இந்த மேடுகளில் பிரிட்டிஷ் பட்டாலியன் குழி வெட்டிக்கொண்டு உட்கார்ந்தது. அதற்குப் பின்னே ஜாட், பஞ்சாப் வீரர்கள். சஹோம் பக்கத்துக் கிழக்கு வாசலில் 28-ஆம் கூர்க்காப் படை. இவர்களுக்கெல்லாம் மேலதிகாரி 11-ஆம் இந்தியப் படைப்பிரிவின் மேஜர் ஜெனரல் பாரிஸ். மேற்கு வாசலுக்குப் பொறுப்பு பிரிகேடியர் மூர்ஹெட்.

இவர்கள் குழி வெட்டுவதற்கு நேரம் வேண்டுமே? அதை வாங்கிக் கொடுத்தது 12-ஆம் படை. கோலகங்சாரிலிருந்து ஈப்போ வரையிலும், பிறகு கோப்பெங்கிலும் டிப்பாங்கிலும், அந்தப் படை நின்று நின்று பின்வாங்கியது. ஒரு பாலத்தைத் தகர்ப்பது, ஒரு நாள் நிற்பது, இரவில் நடப்பது, மறுபடி குழி வெட்டுவது. ஆர்கைல் என்ற ஸ்காட்லாந்துப் பட்டாளமும், ஒரு பஞ்சாப் பட்டாலியனும், ஒரு ஹைதராபாத் பட்டாலியனும் அதில் இருந்தன. அவர்கள் கம்பார் கோட்டைத் தாண்டி வந்தபோது நின்றுகொண்டே தூங்கும் நிலையில் இருந்தார்கள். நம் ஊர்ப் பக்கத்துச் சாலைகளில் நடந்த இந்தப் பின்வாங்கலைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. எழுதியிருக்க வேண்டும்.

இனி, காலாட்படைச் சண்டை என்றால் என்ன என்பதைச் சற்று நின்று பார்ப்போம். சினிமாவில் காட்டுவதைப் போல அது முழுக்க ஓட்டமும் பாய்ச்சலும் அன்று. பெரும்பகுதி நேரம் குழிக்குள் காத்திருப்பதுதான். இரண்டு ஆள் நெஞ்சளவு நிற்கக்கூடிய ஒரு குழி. மழைக்காலம் ஆகையால் அடியில் தண்ணீர். சோறு இரவில்தான் வரும். எதிரி முதலில் மோர்ட்டார் என்னும் சிறு பீரங்கியால் குண்டுகளை வானத்தில் எழுப்பிக் குழிக்குள் விழச் செய்வான். அது நிற்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். ஏனென்றால் குண்டு மழை நின்றவுடனே ஆட்கள் ஏறி வருவார்கள். குழிக்குள் தலையைக் குனிந்துகொண்டிருந்தவன் அந்தக் கணமே தலையைத் தூக்கிச் சுட வேண்டும். தாமதித்தால் எதிரி குழியின் விளிம்பிலேயே நிற்பான். அப்போது துப்பாக்கி நீளமாகிவிடுகிறது. கையெறி குண்டும், துப்பாக்கி முனையில் மாட்டிய குத்துக்கத்தியும்தான் வேலை செய்யும்.

ஒரு குழி எதிரி கைக்குப் போனால் அடுத்த குழிக்கு விலாவில் ஆபத்து. எதிரி அங்கிருந்து பக்கவாட்டில் சுடத் தொடங்குவான். ஆகையால் போன குழியைச் சுடச்சுட மீட்டுவிட வேண்டும். நேரம் கொடுத்தால் அவன் அங்கே இயந்திரத் துப்பாக்கியை இறக்கி நன்றாக அமர்ந்துவிடுவான். கம்பாரில் அந்த இரண்டு நாளும் நடந்தது பெரும்பாலும் இதுதான்: குழி போவது, குழியை மீட்பது.

இதே கதை இரண்டாண்டு கழித்து இத்தாலி நாட்டில் வேறு வடிவத்தில் நடந்தது. ஒப்பிட்டுப் பார்த்தால் நமக்கு இன்னும் தெளிவாகும். 1943 டிசம்பரில் இத்தாலியின் கிழக்குக் கரையில் ஓர்த்தோனா என்ற ஊரில் கனடா நாட்டு வீரர்களும் ஜெர்மானியப் பாராசூட் வீரர்களும் தெருத் தெருவாகச் சண்டையிட்டார்கள். 20-ஆம் நாள் தொடங்கி 28-ஆம் நாள் வரை. அங்கே குழிக்குப் பதிலாகக் கல்வீடுகள். தெருவில் தலைகாட்டினால் சாவு. ஆகவே கனடியர்கள் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த பொதுச்சுவரை வெடிவைத்து உடைத்து, எலி வளை போலத் துளை செய்து, அந்தத் துளை வழியாகக் கையெறி குண்டை வீசிவிட்டு அடுத்த வீட்டுக்குள் போனார்கள். ஒரு தெருவை முடிக்கும் வரை தெருவில் கால் வைக்காமலே முன்னேறினார்கள். அதே நாட்களில், அங்கிருந்து சில மைல் தூரத்தில் வில்லா கிராந்தே என்ற சிற்றூரில் 8-ஆம் இந்தியப் படைப்பிரிவும் அதே வகையில் வீடு வீடாகச் சண்டையிட்டது. கல்வீடானாலும் மண்குழியானாலும் காலாட்படை வீரனின் கணக்கு ஒன்றே. பக்கத்து அறை யார் கையில்? பக்கத்துக் குழி யார் கையில்?

கம்பாருக்குத் திரும்புவோம். டிசம்பர் 31-ஆம் நாள் ஜப்பானியர் கிழக்கு வாசலைத் தட்டிப் பார்த்தார்கள். சஹோம் பக்கத்தில் கூர்க்காக்களும் அவர்களுக்குத் துணையாக இருந்த பீரங்கிகளும் அவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். காட்டுச் சண்டையில் கூர்க்காக்களை அசைப்பது எளிதன்று.

1942-ஆம் ஆண்டின் முதல் நாள். காலை ஏழு மணிக்கு மேற்கு மேடுகள் மீது மோர்ட்டார் குண்டுகள் விழத் தொடங்கின. தொடர்ந்து ஜப்பானிய 5-ஆம் படைப்பிரிவின் 41-ஆம் காலாட்படை ஏறி வந்தது. பகல் முழுவதும் சண்டை. வானத்தில் ஜப்பானிய விமானங்கள் சுற்றின. அவற்றைத் தடுக்க எதிர்த்தரப்பில் விமானம் இல்லை. ஆனாலும் இந்த முறை பீரங்கிக்காரர்களுக்கு எதிரி கண்ணில் பட்டான். ஏறி வருகிறவர்கள் மீதும், பின்னால் கூடுகிறவர்கள் மீதும் குண்டுகள் சரியாக விழுந்தன. ஜித்ராவில் சிதறிய அதே ஆட்கள்தான் இங்கே குழியை விட்டு எழவில்லை. தாம்சன் ரிட்ஜின் கிழக்கு நுனியில் மட்டும் எதிரி காலூன்றினான். விக்கர்ஸ் என்ற கேப்டன் தம் ஆட்களோடு போய் அங்கே எதிர்த்தாக்குதல் நடத்தினார்.

மறுநாள், ஜனவரி 2. ஜப்பானியர் புதிய ஆட்களை இறக்கினார்கள். காட்டுக்குள் புகுந்து மலைப்பக்கமாகவும் நெருக்கினார்கள். பிற்பகலுக்குள் தாம்சன் ரிட்ஜ் பக்கத்தில் சில குழிகள் அவர்கள் கைக்குப் போயின. நான் முன்பு சொன்னேனே, ஒரு குழி போனால் அடுத்த குழிக்கு விலாவில் ஆபத்து என்று, அந்த நிலை வந்துவிட்டது. மீட்க முயன்ற ஆங்கிலேயர்களால் முடியவில்லை. கடைசியாகக் கையில் மிச்சம் இருந்தது பின்னால் நிறுத்தியிருந்த ஒரு சீக்கியக் கம்பெனி. 1/8 பஞ்சாபைச் சேர்ந்தது. அதன் தலைவர் கேப்டன் ஜான் கிரேஹாம். அவருக்குத் துணை லெஃப்டினன்ட் சார்ல்ஸ் லேம்ப்.

மாலை நேரம். கம்பெனி வரிசை கட்டிக் குத்துக்கத்தியை மாட்டிக்கொண்டது. "சத் ஸ்ரீ அகால்" என்று முழங்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். மறைவிடம் இல்லாத சரிவு. மேலேயிருந்து இயந்திரத் துப்பாக்கியும் மோர்ட்டாரும். லேம்ப் இறந்தார். வழியெல்லாம் ஆட்கள் விழுந்தார்கள். விழாதவர்கள் குழிகளை அடைந்து, கைகலப்பில் எதிரியை வெளியேற்றினார்கள். மோர்ட்டார்க் குண்டு ஒன்று கிரேஹாமின் இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே சிதைத்தது. அந்த நிலையிலும் அவர் தம் ஆட்களுக்குக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்று படை வரலாறுகள் எழுதுகின்றன. பிறகு அவரும் காயத்தால் மாண்டார். மேடு மீண்டது. கம்பெனியில் எஞ்சியவர்கள் முப்பது பேர் அளவில்தான்.

கிரேஹாமின் பெயரும் லேம்பின் பெயரும் நூல்களில் தவறாமல் வருகின்றன. அந்தச் சரிவில் விழுந்த சீக்கியர்களின் பெயர்களை அந்தப் பக்கங்களில் தேடினால் கிடைப்பது அரிது. பஞ்சாபில் கோதுமை வயலை விட்டுப் படைக்கு வந்தவர்கள் அவர்கள். சம்பளத்துக்காக வந்தவர்கள்தான். நம் முன்னோர் கப்பலேறியதும் அதே காரணத்துக்குத்தானே.

தமிழர் யாரும் அங்கே இல்லையா என்று என் வகுப்பில் பிள்ளைகள் கேட்பதுண்டு. அந்த மேட்டில் நின்ற காலாட்படையில் இருந்தவர்கள் ஆங்கிலேயரும் வட இந்தியரும்தான். அந்தக் காலத்து இந்தியப் படையில் தமிழர் பெயர் பெற்றிருந்தது பாலம் கட்டுவது, கண்ணிவெடி அகற்றுவது போன்ற வேலைகளைச் செய்யும் மதராஸ் சாப்பர்ஸ் என்னும் பொறியியல் படையில். இத்தாலியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அங்கே மிஞ்ஞானோ என்ற இடத்துக்கு அருகில், 1944 பிப்ரவரி 24-ஆம் நாள், காஞ்சிபுரத்தை அடுத்த சிற்றூரைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் கண்ணிவெடிகளை அகற்றும் குழுவோடு போனார். உடன் வந்த ஒருவன் கண்ணிவெடியை மிதித்துவிட்டான். வெடிப்பதற்குச் சில வினாடிகளே இருந்தன. சுப்பிரமணியன் அதன் மேல் விழுந்து, தம் உடலால் மூடி, மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டு இறந்தார். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் என்னும் உயர்ந்த விருது அளிக்கப்பட்டது.

கம்பார் மேடு மீண்டுவிட்டது என்றேன். ஆனால் அதே இரவு ஒன்பது மணியளவில் பீரங்கிகள் பலமாக முழங்க, அந்த ஒலியின் மறைவில், வீரர்கள் குழிகளை விட்டு இறங்கித் தெற்கே நடந்தார்கள். மீட்ட மேட்டை ஏன் விட்டார்கள்?

இங்கேதான் பினாங்குப் படகுகள் வருகின்றன. கம்பார்ச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே, ஒரு ஜப்பானியப் படை பினாங்கில் கிடைத்த படகுகளிலும் தாங்கள் கொண்டுவந்த படகுகளிலும் ஏறி, லூமூட் பக்கத்திலிருந்து கடலோரமாகத் தெற்கே வந்து ஊத்தான் மெலிந்தாங்கில் கரையேறியது. இன்னொரு படை பேராக் ஆற்றின் வழியாகவே படகில் இறங்கி வந்தது. இரண்டும் தெலுக் ஆன்சனை நெருங்கின. இன்று தெலுக் இந்தான் என்கிறோமே, அதே ஊர். ஜனவரி 2-ஆம் நாள் அது ஜப்பானியர் கைக்குப் போயிற்று. தெலுக் ஆன்சனிலிருந்து பீடோருக்குச் சாலை உண்டு. பீடோர் கம்பாருக்குத் தெற்கே, அதே பெரிய சாலையில் இருக்கிறது. எதிரி பீடோரை அடைந்தால் கம்பாரில் நிற்கும் அத்தனை பேருக்கும் பின்வாசல் அடைபட்டுவிடும். சோறு வராது, குண்டு வராது, காயம்பட்டவனை வெளியே கொண்டுபோக முடியாது. களைத்துப்போன 12-ஆம் படையைத்தான் மறுபடியும் அந்தச் சாலையைக் காக்க அனுப்பினார்கள். அது சில மணி நேரத்துக்குத்தான் தாக்குப்பிடிக்கும் என்பது தெரிந்ததே.

ஆக, கம்பார் கோடு முன்பக்கத்தில் உடையவில்லை. விலாவில், கண்ணுக்குத் தெரியாத கடற்கரையில் அது உடைந்தது. கடலைக் காக்கப் போர்க்கப்பல் இல்லை, வானத்தைக் காக்க விமானம் இல்லை. அப்படியிருக்கையில் குழியில் இருப்பவன் எவ்வளவு உறுதியாக நின்றாலும் அவன் நிற்பது ஒரு பக்கம் திறந்த வீட்டில்தான். ஓர்த்தோனாவிலும் கடைசியில் இதுவே நடந்தது. தெருச்சண்டையில் விட்டுக்கொடுக்காத ஜெர்மானியர், ஊருக்கு மேற்கே கனடியர் சுற்றி வந்து சாலையை அறுக்கப் போகிறார்கள் என்று கண்டதும், டிசம்பர் 27-ஆம் நாள் இரவோடு இரவாக வெளியேறினார்கள்.

ஓடுவதும் பின்வாங்குவதும் பார்க்கிறவனுக்கு ஒன்றுபோலவே தெரியும். சாலையோர லயத்தில் நின்று பார்த்த நம் பாட்டனுக்கு, லாரி லாரியாகத் தெற்கே போகும் வெள்ளைக்காரர்களும் இந்தியர்களும் மட்டுமே தெரிந்திருப்பார்கள். மேட்டில் என்ன நடந்தது என்று அவருக்கு யார் சொல்வது?

நான்கு நாள் நின்றதால் என்ன பயன் என்று கேட்கலாம். அந்த நான்கு நாளில் தெற்கே சிலிம் ரிவர் பக்கத்தில் அடுத்த கோட்டை அமைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பயன் நீடிக்கவில்லை. ஜனவரி 7-ஆம் நாள் விடியும் முன்னே, நல்ல நிலவில், முப்பது டாங்கிகள் அளவில் துரோலாக் வழியாகச் சாலையிலேயே நேராக ஓடி வந்தன. தடுப்புகளை உடைத்துக்கொண்டு, இரு பக்கமும் சுட்டுக்கொண்டு, குளூனி தோட்டம் வரையிலும், அதற்கப்பால் சிலிம் பாலம் வரையிலும் போயின. சாலையில் அணிவகுத்து நடந்துகொண்டிருந்த கூர்க்காக்களைப் பின்னாலிருந்து தாக்கின. சஹோமில் அசையாமல் நின்ற அதே 28-ஆம் கூர்க்காப் படையும், ஈப்போவிலிருந்து நின்று நின்று வந்த 12-ஆம் படையும் ஒரே காலையில் அழிந்தன. நான்கு நாளில் பெற்றது ஒரு காலையில் போயிற்று. கோலாலம்பூர் ஜனவரி 11-ஆம் நாள் விழுந்தது. சிங்கப்பூர் பிப்ரவரி 15-ஆம் நாள் சரணடைந்தது.

அதற்குப் பிறகு நடந்தது தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் தெரியும். ரப்பருக்கு விலை இல்லை. அரிசிக்குப் பதில் மரவள்ளிக்கிழங்கு. துணிக்குப் பதில் சாக்கு. பிறகு சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தார்கள். போன பல்லாயிரம் தமிழர்கள் திரும்பவில்லை. போரில் பிடிபட்ட இந்திய வீரர்களில் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். நேதாஜி 1943-இல் வந்த பிறகு தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் சேர்ந்தார்கள். வெள்ளைக்காரனுக்காகச் செத்த சீக்கியனையும், வெள்ளைக்காரனை எதிர்க்கக் கிளம்பிய நம் தோட்டத்துப் பிள்ளையையும் ஒரே தராசில் நிறுத்தி யார் பெரியவர் என்று கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருவரும் தங்கள் முன்னால் இருந்த வழியில் நடந்தார்கள்.

கம்பார்ச் சண்டையின் நினைவு அழியாமல் இருப்பதற்கு ஒரு பள்ளி ஆசிரியருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். சாய் கூய் லூங் என்ற கம்பார்க்காரர், வரலாற்று ஆசிரியர். மேடுகளில் நடந்து நடந்து பார்த்து, பிரிட்டிஷ் பட்டாலியனைச் சேர்ந்தவர்களிடம் கேட்டறிந்து, அந்தப் பட்டாலியனின் வரலாற்றை நூலாக எழுதினார். ஓர் ஊர் ஆசிரியர் செய்யாவிட்டால் இதை வேறு யார் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பெற்றோர்களே, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருநாள் கம்பார் வரை போய் வாருங்கள். ஈயலம்பங்கள் மூடிவிட்டன. அந்த நிலத்தில் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் எழுந்திருக்கிறது. குனோங் புஜாங் மலாக்கா மட்டும் மாறாமல் நிற்கிறது. கிரீன் ரிட்ஜ் பகுதியில் பதுங்கு குழிகளின் பள்ளங்கள் செடிகொடிகளுக்கு நடுவே இன்னும் தெரிகின்றன. மண் சரிந்து ஆழம் குறைந்துவிட்டது. அங்கே நின்றுகொண்டு வடக்கே பார்த்தால், எதிரி எந்தப் பக்கமாக ஏறி வந்தான், பீரங்கிக்காரன் எதைப் பார்த்துச் சுட்டான் என்பது பிள்ளைகளுக்கு ஒரே பார்வையில் விளங்கிவிடும். வடக்கே போகும் வாய்ப்புக் கிடைத்தால் தைப்பிங்கில் போர்க் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்கலாம். சாலைக்கு ஒரு புறம் கிறிஸ்தவ வீரர்கள், மறுபுறம் இந்திய வீரர்கள். உடல் கிடைக்காதவர்களின், கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சியில் நீண்ட சுவர்களில் வெட்டப்பட்டிருக்கின்றன. இருபத்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். அவற்றில் சிங் என்று முடியும் பெயர்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நூல்களில் அரிதாகக் கிடைக்கும் பெயர்களைத் தேட வேண்டிய இடம் அந்தச் சுவர்தான்.